மாடியில் ஒரு வெள்ளம்

சாவி சூடாகிவிட்டது. உள்ளங்கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தால் சூடாகாமல் என்ன செய்யும் என்று பிலோமினா அதை மேசைமேல் வைத்தாள். வைத்ததும் அது அங்கே கிடந்து தன்னையே பார்ப்பதுபோல இருந்தது. திரும்ப எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். மாடியில் இருக்கிற ஓவியக்கூடத்தின் சாவி. கலைக் கல்லூரிக்கு மத்தியானமே விடுமுறை விட்டாயிற்று. பிள்ளைகள் போயாயிற்று, வாத்தியார்கள் போயாயிற்று, நூலக உதவியாளர் பஸ் நின்றுவிடுமென்று குடையைக்கூட மறந்துவிட்டு ஓடியாயிற்று. நூலகர் பிலோமினா மட்டும் கீழ்த்தளத்தில், டியூப்லைட்டின் ரீங்காரத்துக்குக் கீழே, முதல்வரின் போனுக்காக உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை போதும். "சரி, வையுங்க" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் போதும், எழுந்து ஓடிவிடுவாள். மழை சத்தம் போடாமல், கோபமில்லாமல், தன் வேலையைத் தான் பார்க்கிற அரசு ஊழியனைப்போலப் பெய்துகொண்டிருந்தது. பின்மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு. இந்தப் பக்கம் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாகப் போய், ஏரி திறக்கப்பட இருப்பதால் ஆற்றங்கரையோரம் தாழ்வான பகுதியில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொண்டிருந்தது. வசிக்கும் பொதுமக்கள். அடித்தட்டில் வசிப்பவர்களைப் பற்றி அந்த மைக் ஒன்றும் சொல்லவில்லை.

அடித்தட்டில் வசிப்பவர்கள் ஐந்து பேர். பின்சுவரை ஒட்டிய மர அலமாரியில், தரைக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு பலகைதான். ஒவ்வொரு தொகுதியும் கேரம் போர்டு அகலம், அரிசிச் சிப்பம் கனம். பெரிய புத்தகத்தை அடித்தட்டில்தான் வைக்க முடியும், மேல்தட்டு உடைந்துவிடும். எந்த ஊர் நூலகத்துக்குப் போனாலும் அப்படித்தான், அபூர்வமானதெல்லாம் தண்ணீர் முதலில் வந்து சேர்கிற இடத்தில்தான் குந்தியிருக்கும். கல்லூரி தொடங்கிய முதல் வருஷத்துப் பிள்ளைகள் ஒரு கிராமத்து மடத்தின் விதானத்து ஓவியங்களைச் சாரத்தில் மல்லாந்து படுத்துப் படியெடுத்த தாள்கள் அவை. கழுத்து பிடித்துக்கொள்ள, கண்ணில் காரைத்தூள் விழ, ஒரு கோடை முழுக்கப் படியெடுத்திருக்கிறார்கள். அடுத்த கும்பாபிஷேகத்துக்கு மடத்தார் பக்தியோடு வெள்ளையடித்துவிட்டார்கள். அதனால் அந்த விதானம் இப்போது இந்த ஐந்து தொகுதிகளில் மட்டும்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. ஸ்கேன் செய்யலாமே என்று வருகிற விருந்தினரெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த அளவுத் தாளுக்கு ஏற்ற இயந்திரம் வேண்டுமென்று பிலோமினாவும் வருஷாவருஷம் எழுதிப் போடுவாள், வருஷாவருஷம் பார்க்கலாம் என்பார்கள். மூன்றாம் தொகுதியில் ஒரு பெண் இருக்கிறாள். ஊர்வலத்தின் வாலில், இடுப்பில் குடத்தோடு, எல்லாரும் முன்னே பார்க்க அவள் மட்டும் திரும்பிப் பார்க்கிறாள். எதைப் பார்க்கிறாளோ அந்த இடம் அப்போதே உதிர்ந்துபோயிருந்திருக்கிறது. படியெடுத்த பிள்ளை அங்கே வெறுமனே ஒரு கோடு இழுத்து, பென்சிலில் "இங்கே ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறாள். வேலையில் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு பிலோமினா ஏனென்று தெரியாமல் அழுதிருக்கிறாள். இப்போதுகூட அந்தத் தாளைப் புரட்டினால் அந்தக் கோட்டுக்குமேல் விரல் போய் நின்றுவிடும்.

திட்டமெல்லாம் இருக்கத்தான் செய்தது. திட்டம் இல்லாமலா? போன வெள்ளத்துக்குப் பிறகு அவளைத் தில்லிக்கு அனுப்பி ஒரு பயிலரங்கில் உட்காரவைத்தார்கள், கலை நூலகங்களுக்கான பேரிடர்த் திட்டம் என்று. திரும்பி வந்து அவளே ஒரு திட்டம் போட்டாள். எது முதலில் மேலே போக வேண்டுமோ அதன் முதுகில் ஒரு சிவப்புப் பொட்டு, ஆபத்தென்றால் பொட்டு வைத்ததை மட்டும் மாடி ஓவியக்கூடத்துக்கு ஏற்றிவிடுவது, அவ்வளவுதான். போன வெள்ளத்தின்போது பைண்டிங்குக்கு வெளியே போயிருந்ததால் மட்டும் தப்பிய ஐந்து தொகுதிகளுக்கும் அவளே கையால் ஒட்டினாள். விஷயம் வெளியே தெரிந்ததும் வந்தது வினை. ஓவியத்துறைத் தலைவர் வந்து, எங்கள் துறையில் ஒன்றுகூட முக்கியமில்லையா மேடம் என்று சிரித்துக்கொண்டே கேட்டு ஒரு தாள் பொட்டு வாங்கிப் போனார். சிற்பத்துறை சும்மா இருக்குமா? அச்சுக்கலை இருக்குமா? ஒரு வாரத்தில் நூலகம் முழுக்க அம்மை வார்த்ததுபோல ஆகிவிட்டது. கண்காட்சியில் விற்றுப்போன படத்துக்குச் சிவப்புப் பொட்டு வைப்பது ஓவியர் வழக்கம். பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு, "மேடம், லைப்ரரி ஃபுல்லா சேல் ஆயிடுச்சா?" என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் முதலில் காப்பாற்றுவது என்றால் எதையும் காப்பாற்றுவதில்லை என்றுதான் அர்த்தம். அதை அந்தத் துறைத் தலைவர்களிடம் சொல்ல வாயெடுத்து, பெரிய கலைஞர்களாயிற்றே என்று விழுங்கிவிட்டாள். இன்னொரு யோசனையும் திட்டத்தில் இருந்தது. நனைந்த புத்தகத்தைக் கெடாமல் வைக்க உறைபனியில் போட வேண்டும். அதற்காகக் காசிமேட்டுப் பக்கம் ஒரு மீன் ஐஸ் கிடங்கில் போய்க் கேட்டபோது அந்த முதலாளி மரியாதையாக எழுந்து நின்று, "தப்பா நெனைக்காதீங்கம்மா, ஊறுன புக்கு வாடை மீனுக்குப் பத்திக்கும்" என்றார். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிரித்தாள். காலியான நூலகத்தில் அவள் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அந்த வாடை. புளித்த கஞ்சியும் ஈரச் சாக்கும் கலந்த வாடை. போன வெள்ளம் வடிந்த அன்றைக்குக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது, இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. அன்று பிள்ளைகள் வந்தார்கள், கூப்பிடாமலே அத்தனை பேரும் வந்தார்கள். சேற்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் குழாயடியில் கழுவி, பூப்பந்து மைதானத்தில் பிளாஸ்டிக் விரித்துப் பரப்பினார்கள். யாரோ பாடினார்கள், யாரோ டீ கொண்டுவந்தார்கள், கல்யாண வீட்டுக் களை. ஓவியப் புத்தகங்கள் காய்ந்தால் வளைந்து கோணிப்போகுமே என்று கவலைப்பட்டது யார் என்று ஞாபகமில்லை. கலைப் பிள்ளைகளுக்குக் கோணல் பொறுக்காது. அழகாக மூடி, விளிம்பைத் தட்டிச் சரிபார்த்து, மேலே சிற்பக்கூடத்துக் கல்லைத் தூக்கிப் பாரம் வைத்தார்கள். காய்ந்த பிறகு எவ்வளவு நேர்த்தியாக இருந்தன! ஒரு சுருக்கம் இல்லை. திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, திறக்கவில்லை. பளபளப்புத் தாளில் பூசியிருக்கிற பூச்சு நனைந்தால் பசையாகிவிடும். மூடி அழுத்திக் காயவைத்தால் அத்தனை பக்கமும் ஒரே கட்டை. ஈரம் காயும் முன்னால் பக்கத்துக்குப் பக்கம் பிரித்துத் தாள் வைத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று தில்லியில் ஒருவர் படம் போட்டுக் காட்டியபோது, இருட்டு அறையில் உட்கார்ந்து பிலோமினா உதட்டைக் கடித்துக்கொண்டாள். தண்ணீர் பாதிதான் கொன்றது, மீதியைக் கொன்றது அன்பு. அந்தப் பிள்ளைகளிடம் அதை அவள் சொல்லவேயில்லை. எப்படிச் சொல்வது? அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள்.

கட்டைகளைக் குப்பைக்குப் போட மனசு வராமல் மாடிப்படிக்குக் கீழே அடுக்கியிருந்தாள். அவற்றைத்தான் நிரஞ்சன் வந்து கேட்டான். இங்கே படித்துப் போன பையன், இப்போது வெளிநாட்டிலெல்லாம் காட்சி வைக்கிறவன். "மேடம், இதுங்களுக்கு ஒரு மரியாதை செய்யணும்னு நெனைக்கிறேன்" என்றான். அந்த ஒரு சொல்லுக்காகவே அள்ளிக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை திறப்பு விழா. மாடிக்கூடம் முழுக்கத் தரையில் கறுப்புப் பிளாஸ்டிக் பலகை, கண்ணாடிபோல மெருகு, பார்த்தால் அசையாத தண்ணீர். அதற்குள்ளிருந்து எழும்பி நிற்கிற வெள்ளைத் தூண்கள், ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு செத்த புத்தகம், ஒவ்வொன்றுக்கும் மேலே தனி விளக்கு. இரவும் பகலும் ஏசி. ஈரம் அண்டக் கூடாதாம்! உயிரோடு இருந்த நாளில் அந்தப் புத்தகங்களுக்கு ஒரு மேசை விசிறி கிடைத்திருக்குமா? நல்ல பையன்தான் நிரஞ்சன், அதில் சந்தேகமில்லை. மூன்று மணி வாக்கில் கீழே வந்து, "மேடம், ரோட்டை அடைச்சுடுவாங்களாம், நான் கெளம்புறேன். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். உங்களைத் தவிர இங்க யாரையும் நம்ப முடியாது" என்றான்.

"நிரஞ்சன், அந்தத் தரையில ஒரு ஓரமா அஞ்சு புக் வெச்சுக்கட்டுமாப்பா? இன்னிக்கு ஒரு நாள்தான்."

அவன் முகம் வாடிவிட்டது. "ஐயோ மேடம். காலடி பட்டாலே கீறல் விழுதுன்னு நான் பனியனைக் கழட்டித் தொடச்சு வெச்சிருக்கேன். கதவுகிட்ட நின்னுதான் பாக்கணும், அதுதான் அந்த ஆர்ட் வொர்க்கே. பிரின்சிபல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்களேன். அவர் சொன்னா நான் என்ன சொல்லப்போறேன்?"

அவன் போனதும் முதல்வர் சபாபதிக்குப் போன் போட்டாள். மேம்பாலத்தில் காரில் மாட்டிக்கொண்டிருந்தார், பின்னால் ஹாரன் சத்தம். "பிலோ மேடம், நீங்க இன்னும் வீட்டுக்குப் போகலையா? போன தடவைதான் எல்லாம் பாத்தாச்சே, ஒவ்வொரு மழைக்கும் வெள்ளம் வருமா? சரி, சரி, பதட்டப்படாதீங்க. கூடம் இப்போ நம்ம கையில இல்ல, சனிக்கிழமை தூதரகத்துலேர்ந்து வர்றாங்க. டிரஸ்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கூப்பிடறேன். அதுவரைக்கும் எதையும் தொட வேண்டாம், என்ன?" என்றார். "சரி சார்" என்றாள். ஏன் சரி சார் என்றாள்? இல்லை சார் என்று சொல்லியிருக்கலாம். கேட்காமலே ஏற்றியிருக்கலாம், கேட்டதுதான் தப்பு, கேட்டுவிட்டால் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் கேட்காமல் எப்படி? அவளுக்குக் கேட்காமல் ஒன்றும் செய்து பழக்கமில்லை. நாலாம் வகுப்பில் ஒரு நாள் வகுப்பறை மூலையில் கைகழுவுகிற குழாயை யாரோ மூடாமல் விட்டுவிட்டார்கள். சிஸ்டர் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எழுந்து போய் மூட வேண்டுமானால் அனுமதி வேண்டும், அனுமதி வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும். தூக்கினாள். சிஸ்டர் திரும்பவில்லை. தொட்டி நிரம்பி, வழிந்து, முதல் வரிசைப் பிள்ளைகளின் பைகள் நனைந்து, அவள் பையே நனைந்து, சிஸ்டரின் செருப்புவரை தண்ணீர் போய், அவர் திரும்பிப் பார்த்தபோதும் பிலோமினா கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றாள். "இந்த வகுப்பிலேயே ஒழுக்கமான பிள்ளை இவள்தான்" என்று சிஸ்டர் சொன்னார். வீட்டில்கூட அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அந்தக் குழாய் இப்போதும் எங்கேயோ திறந்துதான் கிடக்கிறது என்று தோன்றியது.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள். கணவர் ஆரோக்கியம். "பிலோ, கெளம்பிட்டியா?" "கெளம்பிட்டேங்க." "எங்க இருக்க?" "பஸ் ஸ்டாப்புல." "மழைச் சத்தமே கேக்கலையே?" "ஷெட்டுக்குள்ள நிக்கிறேன்." நம்பவில்லை என்று தெரிந்தது. "தலையை நனைச்சுக்காத. உனக்கு ஒத்துக்காது" என்று வைத்துவிட்டார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுபடி கூப்பிட்டுப் பார்த்தாள், முதல்வர் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே. மேம்பாலம் எப்போதிலிருந்து எல்லைக்கு வெளியே போயிற்று? இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். இன்னும் கொஞ்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, போனை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நடந்தபோது செருப்புக்கடியில் தரை நசநசத்தது. குனிந்து பார்த்தாள். கதவிடுக்கில் சத்தமே போடாமல், விருந்தாளி தயங்கி உள்ளே வருவதுபோல, பழுப்புத் தண்ணீர் ஒரு நாக்கு நீளம் வந்திருந்தது. பின்சுவர்ப் பக்கம் திரும்பினாள். அங்கே ஏற்கெனவே வந்து, அடித்தட்டுப் பலகையின் காலைச் சுற்றிக்கொண்டு பளபளத்தது.

அப்போதுதான் கால் நகர்ந்தது. திட்டத்தில் முதல் தொகுதியிலிருந்து வரிசையாக எடுக்க வேண்டும், தொகுதிக்கு இரண்டு ஆள். கை நேரே மூன்றாம் தொகுதிக்குப் போயிற்று. தூங்குகிற பிள்ளையைத் தோளில் போடுவதுபோல மார்போடு அணைத்துத் தூக்கினாள். இடுப்பில் எங்கோ சுளுக்கென்றது. படியில் ஒவ்வொன்றாக, சுவரில் தோளை உரசிக்கொண்டு ஏறினாள். ஏறி முடிந்த இடத்தில் கூரை ஒழுகி ஒரே குளம், அங்கே வைக்க முடியாது. முதல்வர் அறை பூட்டு. கூடத்தைத் திறந்தாள். குளிர் முகத்தில் பட்டது, என்ன சுகம். கறுப்புத் தண்ணீர் அசையாமல் கிடந்தது, விளக்குகள் அதில் தலைகீழாக நின்றன, செத்த புத்தகங்கள் அத்தனையும் காய்ந்து, பத்திரமாக, ராஜமரியாதையோடு உட்கார்ந்திருந்தன. உள்ளே கால் வைக்க மனசு வரவில்லை. பனியனைக் கழற்றித் துடைத்தானாமே! கதவருகே கைக்கெட்டுகிற தூரத்தில் ஒரே ஒரு தூண். தொகுதியை முழங்காலில் தாங்கிக்கொண்டு, ஒரு கையால் தூணின் மேலிருந்த கட்டையை எடுத்துவிட்டு, மூன்றாம் தொகுதியை அங்கே வைத்தாள். நாலா பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு, ஆனால் விழாமல், நின்றது. விளக்கு அதன்மேல் விழுந்தது. குடத்துக்காரி பிழைத்துவிட்டாள். எடுத்த கட்டையை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தாள், அந்தத் தண்ணீர்மேல் வைக்கக் கூடாது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

பாதிப் படி இறங்கியபோது அவளுக்குக் கோபம் வந்தது, முதல் தடவையாக வந்தது. கீறட்டும். நாலையும் கொண்டுபோய் அந்தத் தரை முழுக்கப் பரப்புகிறேன், கீறினால் கீறட்டும், தூதரகம் வந்து பார்க்கட்டும், என்னை வேலையை விட்டுத் தூக்கட்டும். இதை ஒரு மணி நேரம் முன்னால் நினைத்திருந்தால் என்ன என்று நினைப்பதற்குள் விளக்கு போயிற்று. மேலே ஏசியின் முனகலும் நின்றது. கடைசிப் படிக்குக் கீழே முழங்காலளவு சில்லென்று இருந்தது. மதில் எங்கோ விழுந்திருக்க வேண்டும், தண்ணீர் இப்போது தயங்கவில்லை. கக்கத்திலிருந்தது நழுவியது. சட்டென்று பிடித்துத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டாள். ஜன்னல்வழி வந்த சாயங்கால வெளிச்சத்தில் சேலை காலைச் சுற்ற, நாற்காலிகள் முட்ட, பின்சுவரைப் பார்த்து நடந்தாள். அடித்தட்டு முழுகியிருந்தது. இடது கையை உள்ளே விட்டுத் துழாவி நான்காம் தொகுதியின் முதுகைக் கண்டுபிடித்தாள், பொட்டு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. இழுத்தாள். நனைந்து ஊதி, பக்கத்துத் தொகுதிகளோடு இறுகிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் வேண்டும். வலது கையில் இருப்பதை மேசைமேல் வைக்கலாம். மேசை தண்ணீரின் இழுப்பில் அசைந்தது. அலமாரியின் தலையில் வைக்கலாம், எட்டவில்லை. படிக்குப் போய் வைத்துவிட்டு வரலாம். அதற்குள் இன்னும் ஊதிவிடும். போட்டுவிடலாம். போட்டால்தான் என்ன? இது திறக்காத புத்தகம். ஒருவரும் இதை இனிப் படிக்கப்போவதில்லை. தண்ணீர் இதைச் செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்துவிட்டது, இதற்கு இனி ஒன்றும் ஆகாது. போடு பிலோ. அவளுக்கு நன்றாகப் புரிந்தது, அவ்வளவு தெளிவாக எதுவும் புரிந்ததில்லை. கை இறங்கவில்லை. அன்றைக்கு ஒரு தடவை இது நனைந்ததைப் பார்த்தாயிற்று. மறுபடி எப்படிப் பார்ப்பது? "ஆண்டவரே, ஒரு கை கொடும்" என்று சத்தமாகவே சொன்னாள். அசைகிற மேசைமேல் போன் வெளிச்சம் போட்டு அடிக்க ஆரம்பித்தது, திரையில் முதல்வர் பெயர். இடது கை தண்ணீருக்குள் நான்காம் தொகுதியின் முதுகைப் பிடித்திருந்தது, வலது கை தலைக்குமேலே தூக்கியபடி இருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.